வலிப்பு நோய் உள்ள அண்ணனுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது: மேல்முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

மெரிபேங்க் தங்கை, 22 ஆகஸ்ட் 2024

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வது என் அண்ணனுக்குப் பிடிக்காது. ஆனால் நாட்கள் ஓடிக்கொண்டிருப்பதால் அவரிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு 52 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய இசிப்பிங்கோ பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் 19 ஆண்டுகள் சரக்கு தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். 2021இல் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் தலையில் பலத்த அடி பட்டது. காயம் ஆறியது, ஆனால் சில மாதங்களில் வலிப்பு வரத் தொடங்கியது. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் மாதத்தில் மூன்று நான்கு முறை வந்துவிடுகிறது. வந்துபோன பிறகு அரை நாள் வரையில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊனத்தால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை ஓர் ஆண்டுக்குத் தற்காலிகமாகக் கிடைத்தது. இந்த ஏப்ரலில் அது முடிந்தது. ஜூன் மாதம் மறுபடி விண்ணப்பித்தோம்.

உதவித்தொகைக்கான மருத்துவ மதிப்பீட்டு நாளன்று அவர் நன்றாக இருந்தார். நடந்து உள்ளே போனார், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார், கை கால்களை அசைத்துக் காட்டினார். மருத்துவர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். நாங்கள் கொண்டுபோன கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. 15 ஜூலை என்று தேதியிட்ட கடிதம் 29ஆம் தேதி கைக்கு வந்தது. மருத்துவ அடிப்படையில் தகுதி பெறவில்லை என்று ஒரே ஒரு வரி. இப்போது 81 வயதான அம்மாவின் முதியோர் உதவித்தொகை 2,200 ராண்டில்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். என்னால் முடிந்ததை நானும் கொடுக்கிறேன். மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது, யாருக்கு எழுதுவது, எழுதினால் பயன் உண்டா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.


ஃபீனிக்ஸ் வாசகர், 22 ஆகஸ்ட் 2024

தங்கை, உங்கள் வருத்தம் புரிகிறது. என் மைத்துனருக்கும் இதே நிலைமை வந்தது. மேல்முறையீடு என்று காத்திருந்தால் மாதக்கணக்கில் போய்விடும் என்று பயந்து, அவர் சில மாதங்கள் பொறுத்துப் புதிதாகவே விண்ணப்பித்தார். வேறொரு மருத்துவர் பார்த்தார், கிடைத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு முன்பு, மறுபரிசீலனை செய்யும்படி அதே அலுவலகத்தை முதலில் கேட்க வேண்டும் என்றும் அப்போது சொன்னார்கள். அந்தச் சுற்றெல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம்.


பழைய எழுத்தர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், 23 ஆகஸ்ட் 2024

இலவசச் சட்ட ஆலோசனை மேசை ஒன்றில் பல ஆண்டுகள் எழுத்தராக உட்கார்ந்திருந்தவன் நான். இத்தகைய கடிதங்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்கணக்கு. மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் அவகாசம் 90 நாட்கள். முடிவு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணினால் அக்டோபர் 27 வரை நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கடிதம் தாமதமாக வந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆகவே கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தே எண்ணுங்கள். அப்படி எண்ணினால் அக்டோபர் 13 வருகிறது. அது ஞாயிற்றுக்கிழமை. எனவே 11ஆம் தேதி வெள்ளிக்கிழமையைக் கடைசி நாளாக மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கும் இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது. தபால் உறை இருந்தால் தூக்கி எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். காலம் கடந்து வரும் மேல்முறையீட்டைத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னித்து ஏற்கலாம். ஆனால் அந்தக் கருணையை நம்பி உட்காரக் கூடாது.

ஃபீனிக்ஸ் நண்பர் சொன்ன மறுபரிசீலனை 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த படி. அன்று அவர் கேள்விப்பட்டது சரிதான். 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் படியை எடுத்துவிட்டு, விண்ணப்பதாரர் நேரடியாகவே சமூக உதவி மேல்முறையீடுகளுக்கான சுதந்திரத் தீர்ப்பாயத்துக்குப் போக வழி செய்தது. பிரிட்டோரியாவில் இயங்கும் அந்தத் தீர்ப்பாயத்தின் குழுவில் ஒரு சட்டத்தரணி, ஒரு மருத்துவர், பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர் ஆகியோர் இருப்பார்கள். பெரும்பாலும் உங்கள் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், காகிதங்களை மட்டும் வாசித்துத்தான் அவர்கள் தீர்மானிப்பார்கள். இந்த ஒன்றை நீங்கள் மறக்கவே கூடாது. காகிதத்தில் இல்லாத வலிப்பு அவர்களைப் பொறுத்தவரையில் வராத வலிப்பு.

அடுத்து, புதிய விண்ணப்பமா மேல்முறையீடா என்ற கேள்வி. நோய் ஜூன் மாதத்துக்குப் பிறகு முற்றியிருந்தால் புதிய விண்ணப்பம்தான் பொருத்தமான வழி, ஏனெனில் அன்றைய முடிவு தவறா என்பதைத்தான் மேல்முறையீடு கேட்கிறது. உங்கள் அண்ணனின் நிலை அப்படியல்ல. ஜூனில் இருந்த அதே நோய்தான் இன்றும் இருக்கிறது. அது சரியாகப் பார்க்கப்படவில்லை என்பதே உங்கள் குறை. இதற்கு மேல்முறையீடுதான் வழி. அதில் வென்றால் ஜூன் விண்ணப்பத்தின் தேதி உங்களிடமே நிற்கும். புதிதாக விண்ணப்பித்தால் இடைப்பட்ட மாதங்கள் அனைத்தும் கைவிட்டுப் போகும். இந்த உதவித்தொகை மாதம் 2,180 ராண்ட் என்பது உங்கள் வீட்டில் சிறிய தொகையா?

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சமூக உதவிச் சட்டம், 9ஆம் பிரிவில், உடல் அல்லது மன ஊனத்தின் காரணமாக எந்தப் பணியாலோ வேலையாலோ தொழிலாலோ தன் பிழைப்புக்கு வேண்டியதைச் சம்பாதிக்க இயலாதவருக்கு இந்த உதவித்தொகை உண்டு என்கிறது. அந்தச் சொற்களை மெதுவாகப் படியுங்கள். நடக்க முடியுமா, கையைத் தூக்க முடியுமா, பேச முடியுமா என்று சட்டம் கேட்கவில்லை. வேலை செய்து பிழைக்க முடியுமா என்று கேட்கிறது. மதிப்பீட்டு நாளில் உங்கள் அண்ணன் நடந்து காட்டியது கேட்கப்படாத கேள்விக்கான விடை. மேல்முறையீடு கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு சொல், ‘எந்த வேலையாலும்’ என்பது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது என்று மட்டும் எழுதினால், வேறு இலகுவான வேலை பார்க்கலாமே என்ற ஒற்றை வரியில் கதவு மூடப்படும். ஆகவே வேறு எந்த வேலை ஏன் முடியாது என்பதையும் நீங்களே எழுத வேண்டும்.

மறுப்புக் கடிதம் போதிய காரணம் சொல்லவில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள். மறுக்கும்போது காரணத்தையும் மேல்முறையீட்டு உரிமையையும் அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழும் எழுத்து மூலமான காரணத்தைக் கேட்கலாம். மருத்துவர் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவத்தின் நகலைக் கேட்டு இன்றே ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பதில் எழுதுவது இருட்டில் ஊசி கோப்பது போன்றது. நகல் வராவிட்டாலும் மேல்முறையீட்டைத் தாமதிக்க வேண்டாம்.


வெருலம் செவிலி, 24 ஆகஸ்ட் 2024

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் வெளிநோயாளர் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வலிப்பு நோயாளிகளின் கோப்பில் பெரும்பாலும் ‘மருந்து தொடரவும்’ என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும் நாளில் மருத்துவர் அதற்கு மேல் எழுதுவதில்லை. எத்தனை முறை வலிப்பு வந்தது என்பதை நோயாளி சொன்னால்தான் எழுதுவார். உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் வெட்கத்தால் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போய், எண்ணிக்கையைச் சொல்லி அட்டையில் எழுதச் செய்யுங்கள்.

சிகிச்சை பெறும் மருத்துவரிடம் ‘வலிப்பு நோய் உள்ளது’ என்ற சான்று வாங்கினால் போதாது. எந்த வகை வலிப்பு, எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து எந்த அளவில் கொடுக்கப்பட்டது, அப்படியும் ஏன் கட்டுப்படவில்லை, வந்துபோன பின் மயக்கநிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இது ஓர் ஆண்டுக்கு மேல் தொடருமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. இயலாமை ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை நீடிக்கும் என்றால் தற்காலிக உதவித்தொகை. அதற்கு மேல் என்றால் நிரந்தரம்.

தேவையான சிகிச்சையை மறுப்பவருக்கு உதவித்தொகை இல்லை என்ற விதியும் இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் வலிப்பு வருகிறது என்று யாராவது நினைத்துவிட்டால் வழக்கே சாய்ந்துவிடும். மாதந்தோறும் மாத்திரை வாங்கிய முத்திரைகள் உள்ள பக்கங்களை நகல் எடுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த பரிசோதனை முடிவு கோப்பில் இருந்தால் அதுவே மிகச் சிறந்த சாட்சி, ஏனென்றால் அது நோயாளியின் வாய்மொழியை நம்பி நிற்பதில்லை.

ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. வலிப்பு வந்த நாட்களை யாராவது வீட்டில் குறித்து வைத்திருக்கிறீர்களா?


மெரிபேங்க் தங்கை, 25 ஆகஸ்ட் 2024

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் அம்மாவிடம் ஓடினேன். அம்மா குறித்து வைத்திருக்கிறார்கள்! அடுப்பங்கரையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில், அமாவாசையும் கிருத்திகையும் அச்சிட்ட கட்டங்களுக்குள், வலிப்பு வந்த ஒவ்வொரு நாளும் சிவப்பு மையால் ‘வ’ என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணன் விழுந்து அடிபட்ட நாளுக்கு ‘வ’வைச் சுற்றி ஒரு வட்டம். பழைய நாட்காட்டியையும் அம்மா எறியவில்லை. இந்த ஜனவரி முதல் ஜூன் முடிய 21 ‘வ’ இருக்கிறது. அதில் நான்குக்கு வட்டம் உண்டு. அந்த நான்கில் இரண்டு நாட்கள் மருத்துவமனையில் தையல் போட்ட நாட்கள். அந்தச் சீட்டுகளும் கிடைத்தன. மூன்று ஆண்டுகளாக அந்த நாட்காட்டிக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்திருக்கிறேன். ஒருநாளும் அது என் கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் அது தமிழில் இருக்கிறது. தீர்ப்பாயம் அதை ஏற்குமா?


டோங்காட் தமிழாசிரியர், 26 ஆகஸ்ட் 2024

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரையும் சொல்கிறது. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. எனினும் தமிழ் அதிகாரபூர்வ மொழி அல்ல. ஆகவே அலுவலகம் தமிழைப் படிக்க வேண்டும் என்று கேட்க முடியாது. தமிழில் இருப்பதாலேயே ஒரு சான்று பொய்யாகிவிடவும் செய்யாது. நாட்காட்டியின் பக்கங்களை அப்படியே நகல் எடுங்கள். அம்மா தம் சொற்களில் ஒரு வாக்குமூலம் சொல்லட்டும். இரு மொழியும் அறிந்த ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதி, தாம் சரியாகப் பெயர்த்ததாகத் தனியே ஒரு வாக்குமூலம் கொடுக்கட்டும். இரண்டையும் காவல் நிலையத்தில் பிரமாணம் செய்து கையொப்பமிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பெயர்ப்பதற்கு ஆள் வேண்டுமானால் நான் மெரிபேங்க் வரத் தயார்.

‘வ’ என்ற எழுத்தை மாற்றி எழுதாதீர்கள். அம்மாவின் கையெழுத்தில், அந்தந்த நாளில், வேறு எந்த நோக்கமும் இல்லாமல் எழுதப்பட்டது என்பதே அதன் வலிமை.


பழைய எழுத்தர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், 26 ஆகஸ்ட் 2024

ஆசிரியர் சொன்னதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அந்த நாட்காட்டி ஜூனுக்கு முந்தைய நாட்களைப் பேசுவதால் தனி மதிப்பு உடையது. மறுப்புக் கடிதம் வந்த பிறகு எழுதத் தொடங்கிய குறிப்பு என்றால் யாரும் சந்தேகிப்பார்கள். இதை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வோம். விழுந்தது வீட்டில்தானா? வேலையிடத்தில் விழுந்திருந்தால் பாதை முற்றிலும் வேறு. அது 1993ஆம் ஆண்டின் தொழில் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும்; அங்கே கோரிக்கைக்கும் முடிவை எதிர்ப்பதற்கும் நாட்கணக்கே வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.


மெரிபேங்க் தங்கை, 8 செப்டம்பர் 2024

வீட்டு மாடிப்படிதான், ஐயா. முதல் வரைவை எழுதிவிட்டேன். முக்கியமான பத்தியை இங்கே தமிழில் தருகிறேன், தயங்காமல் திருத்துங்கள்.

“என் அண்ணன் பத்தொன்பது ஆண்டுகள் நேர்மையாக உழைத்து வரி கட்டியவர். யாரிடமும் கை நீட்டாதவர். அவருடைய துன்பத்தை உணராமல் பத்து நிமிடத்தில் முடிவு செய்தது பெரிய அநியாயம். எங்கள் அம்மா முதிர்ந்த வயதில் மகனைத் தாங்க வேண்டியுள்ளது. தயவுகூர்ந்து எங்கள் குடும்பத்தின் நிலையைக் கருத்தில் கொண்டு உதவித்தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”


லெனேஷியா தச்சன், 8 செப்டம்பர் 2024

அக்கா, நான் தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் முதுகெலும்புக்காக நான் எழுதிய கடிதமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. எத்தனை ஆண்டு மரவேலை செய்தேன், பிள்ளைகள் எத்தனை பேர், வாடகை எவ்வளவு என்றெல்லாம் எழுதினேன். இனிமேல் ரம்பம் பிடிக்க முடியாது என்றும் எழுதினேன். உட்கார்ந்து செய்யும் வேலை ஏன் முடியாது என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. அரை மணி நேரம்கூட என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், படித்தவர்களுக்குத் தெரியவில்லை. பதிலில் வந்ததும் அதுதான்: உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி உண்டு என்று. அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.


பழைய எழுத்தர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், 9 செப்டம்பர் 2024

லெனேஷியா தம்பிக்கு நன்றி. இதை எழுத மனத்துணிவு வேண்டும்.

தங்கச்சி, உங்கள் பத்தியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதில் ஒன்றுகூடச் சட்டத்தின் கேள்விக்கு விடையாக இல்லை. வறுமையைப் பற்றி அவர்கள் உங்களை மறுக்கவில்லை. வருமானச் சோதனையில் நீங்கள் தேறிவிட்டீர்கள், மருத்துவத்தில்தான் மறுத்தார்கள். எந்தக் காரணத்தால் மறுத்தார்களோ அந்தக் காரணத்துக்கே முழுப் பக்கத்தையும் கொடுங்கள்.

நீங்கள் கெஞ்சுவதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘தயவுகூர்ந்து’ வேண்டாம். அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் தாங்க இயலாதவர்களுக்குச் சமூக உதவி பெறும் உரிமை உண்டு என்கிறது. என் தகப்பனார் காலத்தில், 1946ஆம் ஆண்டின் ஊன உதவிச் சட்டப்படி நம்மவருக்கும் தொகை உண்டு; ஆனால் வெள்ளையருக்கு ஓர் அளவு, இந்தியருக்கு அதைவிடக் குறைந்த அளவு, ஆப்பிரிக்கருக்கு எல்லாரிலும் குறைந்த அளவு. எல்லாருக்கும் ஒரே தொகை என்றாவதற்கு 1993 ஆயிற்று. கிழக்குக் கேப் மாகாணத்தில் விசாரணையே இல்லாமல் ஊனமுற்றோரின் தொகைகளைக் கூட்டங்கூட்டமாக நிறுத்தியபோது, பாதிக்கப்பட்டவர்கள் அனைவருக்குமாகச் சேர்ந்தே வழக்காடலாம் என்று 2001இல் புளும்ஃபான்டீன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு போராடிப் பெற்ற உரிமையை நிமிர்ந்து நின்றே கேளுங்கள்.

எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன். கட்டுப்படாத வலிப்பு உள்ளவர் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே வாகனத் தொழில் எதுவும் அவருக்கு இல்லை. இயந்திரத்தின் அருகிலும் உயரத்திலும் நெருப்பின் பக்கத்திலும் அவரை நிறுத்த எந்த முதலாளியும் துணியமாட்டார், துணியவும் கூடாது. மிச்சமிருப்பது மேசை வேலை. மாதத்தில் மூன்று நான்கு நாள் முன்னறிவிப்பின்றி விழுந்து, ஒவ்வொரு முறையும் அரை நாள் தெளிவிழந்திருப்பவர், எழுத்து வேலைக்கான பயிற்சியும் இல்லாதவர், எந்த மேசையில் எத்தனை நாள் நீடிப்பார்? வேலை தேடிப் பார்த்தாரா? எங்கே, எப்போது, என்ன பதில் வந்தது? இவற்றைத் தேதியோடு எழுதுங்கள்.


மெரிபேங்க் தங்கை, 15 செப்டம்பர் 2024

கடிதத்தை முழுவதும் மாற்றிவிட்டேன். அண்ணன் வேலை தேடியதைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கே தெரியாத ஒன்று வெளிவந்தது. சென்ற நவம்பரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கும் மேசைக்குப் போயிருக்கிறார். ஒன்பதாம் நாள் வாடிக்கையாளர்கள் முன்னால் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார்; மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவமானத்தால் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவின் நாட்காட்டியில் அந்த நாளில் ‘வ’ இல்லை; அம்மாவுக்குத் தெரியாது அல்லவா? கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்லவர், நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

இப்போது அந்தப் பத்தி இப்படி இருக்கிறது: “2024 ஜனவரி முதல் ஜூன் வரை விண்ணப்பதாரருக்கு 21 முறை வலிப்பு வந்தது, நாட்காட்டிப் பக்கங்களும் தாயாரின் வாக்குமூலமும் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் இரண்டு நாட்களில் விழுந்து தையல் போடப்பட்டதற்கான மருத்துவமனைச் சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. அவர் மாதந்தோறும் தவறாமல் மருந்து பெற்றுவருகிறார். கிளினிக் அட்டையின் நகலும் இரத்தப் பரிசோதனை முடிவும் அதைக் காட்டுகின்றன. 2023 நவம்பரில் உட்கார்ந்து செய்யும் வேலையொன்றில் சேர்ந்து, வலிப்பின் காரணமாகவே ஒன்பதாம் நாள் அதை இழந்தார்; அவரை வேலைக்கு எடுத்தவரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீட்டு நாளில் வலிப்பு வரவில்லை என்பது, வலிப்பு இல்லை என்பதற்குச் சான்று அல்ல.”


வெருலம் செவிலி, 15 செப்டம்பர் 2024

கண் கலங்கிவிட்டது, தங்கச்சி. கடைசி வாக்கியத்தை அப்படியே விடுங்கள்.


பழைய எழுத்தர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், 16 செப்டம்பர் 2024

இதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. நிரந்தரமாக வழங்கும்படி கேட்பதோடு, தீர்ப்பாயம் அதற்கு உடன்படாவிட்டால் தற்காலிகமாகவாவது வழங்க வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையையும் ஒரு வரியில் சேருங்கள். விண்ணப்பதாரர் சார்பில் வேறொருவரும் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், அண்ணன் கையொப்பமிட்ட ஓர் ஒப்புதலை இணைத்து உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். அவர் தெளிவாக இல்லாத நேரத்தில் அழைப்பு வந்தால் நீங்கள் எடுக்கலாம்.

தீர்ப்பாயமும் மறுத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். உயர் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். அதற்கு 180 நாட்கள். அந்த நிலையில் தனியாகப் போக வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சட்ட உதவி அமைப்பின் டர்பன் அலுவலகமோ பல்கலைக்கழகச் சட்ட ஆலோசனை மையமோ கட்டணம் இன்றிப் பார்ப்பார்கள்.


மெரிபேங்க் தங்கை, 26 செப்டம்பர் 2024

இன்று காலை கொடுத்துவிட்டோம். கடிதத் தேதியிலிருந்து 73ஆம் நாள். மொத்தம் 34 பக்கங்கள். எண்ணிட்டு, இரண்டு பிரதிகள். எங்கள் பிரதியின் முதல் பக்கத்தில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். டோங்காட் ஆசிரியர் ஒரு சனிக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். அம்மா அவருக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.


மெரிபேங்க் தங்கை, 9 ஏப்ரல் 2025

நீண்ட நாட்களாக எழுதவில்லை; சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. நேற்று தீர்ப்பாயத்தின் முடிவு வந்தது. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். நிரந்தரமாக அல்ல, 12 மாதத்துக்குத் தற்காலிகமாக. விண்ணப்பித்த ஜூன் மாதத்திலிருந்தே கணக்கு. அதன்படி மார்ச் வரையிலான பத்து மாதங்களுக்கு, செப்டம்பர் வரை 2,180 ராண்ட், அக்டோபர் முதல் 2,190 ராண்ட் என்று மொத்தம் 21,860 ராண்ட் நிலுவை வர வேண்டும். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற நாள் பார்க்கிறார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மட்டும் மூன்று முறை படித்தார்.


பழைய எழுத்தர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், 9 ஏப்ரல் 2025

மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் உடனே ஒன்றைக் கவனியுங்கள். ஜூனிலிருந்து 12 மாதம் என்றால் அது இந்த மே மாதத்தோடு முடிகிறது. தற்காலிகத் தொகை தானாகத் தொடராது; நின்ற பிறகு மறுபடி விண்ணப்பிக்கத்தான் வேண்டும். விண்ணப்பத்திலும் மேல்முறையீட்டிலுமாகவே பத்து மாதம் கழிந்துவிட்டதால் உங்கள் கையில் இருப்பது ஏழு வாரம்தான். இது என் மனத்தை உறுத்தும் விஷயம்: வென்றவர்கள் நிலுவைத் தொகையைக் கையில் வாங்கி மூச்சுவிடும் நேரத்தில் அடுத்த மறுப்புக்கு ஆளாகிறார்கள். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதால் சென்ற ஆண்டின் அறிக்கை இப்போது உதவாது. இந்த வாரமே மதிப்பீட்டுக்கு நாள் வாங்குங்கள். தீர்ப்பாயத்தின் முடிவையும் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள்.


வெருலம் செவிலி, 10 ஏப்ரல் 2025

சிகிச்சை மருத்துவரிடமிருந்து புதிய அறிக்கை வாங்கும்போது, இது நான்காம் ஆண்டாகத் தொடரும் நோய் என்பதையும், ஓர் ஆண்டுக்கு மேல் நீடிக்கும் என்பதையும் இம்முறை தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டு அறைக்குள் அண்ணனோடு நீங்களும் போங்கள்.


மெரிபேங்க் தங்கை, 14 ஏப்ரல் 2025

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டோம், ஐயா. மே 8ஆம் தேதி வியாழக்கிழமை காலை மதிப்பீட்டுக்கு நாள் கிடைத்திருக்கிறது. அண்ணனோடு நானும் உள்ளே போகிறேன். பழைய 34 பக்கங்களோடு இந்த ஆண்டின் நாட்காட்டியும் வருகிறது. சென்ற வாரத்திலிருந்து அதில் அண்ணனே எழுதுகிறார். கைநடுக்கத்தில் எழுத்து கோணலாக இருந்தாலும், விழுந்த நேரத்தையும் தெளிந்த நேரத்தையும் ‘வ’வுக்குப் பக்கத்தில் குறிக்கிறார்.